மூன்று பாத்திரம் புளியோதரை

பனி பெய்தது தெற்குத் தீவில். வழுக்கி விழுந்தது ஆக்லாந்தில், மாசி என்கிற புறநகரில், எங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்திருந்த நான்.

ஆக்லாந்தில் பனி பெய்யாது. மழை பெய்யும், அதுவும் குறுக்கே பெய்து குடையைத் திருப்பிவிட்டுப் போகும். எப்போதாவது ஆலங்கட்டி விழும், பிள்ளைகள் கிண்ணத்தோடு வாசலுக்கு ஓடுவார்கள். அவ்வளவுதான். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து என் மனைவிக்கு ஓர் ஆசை, ஒருமுறையாவது பனியில் கால் வைக்க வேண்டும் என்று. நான் 'போவோம், போவோம்' என்றே வருஷங்களை ஓட்டிவிட்டேன். எனக்குக் குளிர் ஆகாது. ஃபிரிட்ஜைத் திறந்துவைத்துக்கொண்டு என்ன சாப்பிடலாம் என்று யோசித்தாலே தும்மல் வரும். காத்திருந்து அலுத்துப்போய், அந்த ஜூலைக் குளிர்காலத்தில் அவள் சிநேகிதிகளோடு தெற்குத் தீவின் குயின்ஸ்டவுனுக்குக் கிளம்பிவிட்டாள். என்னிடம் அனுமதி கேட்கவில்லை. கறிவேப்பிலைத் தொட்டியை மட்டும் ஒப்படைத்தாள்.

"ராத்திரி மறக்காம உள்ள எடுத்து வைங்க. உங்களுக்குக் குளிருச்சுன்னா ஸ்வெட்டர் போட்டுக்குவீங்க. அதுக்கு யாரு இருக்கா?"

வெள்ளிக்கிழமை சாயங்காலம் திரும்பிவிடுவதாகத் திட்டம். திரும்பியே ஆக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு வளைகாப்பு.

வீட்டின் பின்பக்கத்துச் சின்னப் போர்ஷனில் ஓர் இளம் தம்பதி வாடகைக்கு இருந்தார்கள். அவள் முதியோர் இல்லத்தில் நர்ஸ். அவனுக்கு ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு கிடங்கில் வேலை. அவளுக்கு ஏழாம் மாதம். அவளுடைய அம்மா தென்காசியில் பெட்டி கட்டிவைத்துக்கொண்டு விசாவுக்குக் காத்திருந்தார். பெட்டி தயாராக இருந்தது, விசா வந்தபாடில்லை. அந்த அம்மாவிடம் என் மனைவி போனில் வாக்குக் கொடுத்திருந்தாள்: உங்கள் இடத்தில் நான் நிற்கிறேன், முதல் வளையலை நானே போடுகிறேன். அதைக் கேட்டு அந்தப் பெண் எங்கள் சமையலறையில் நின்றுகொண்டு அழுதாள். நான் அப்போது வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். அதனால் என் கண்ணீருக்குத் தகுந்த காரணம் இருந்தது.

நாளைத் தள்ளிப் போடவும் வழியில்லை. திங்கட்கிழமை ஆடி பிறக்கிறது. ஆடியில் நல்ல காரியம் கிடையாது. ஆடி கழிந்தால் அவளுக்கு எட்டாம் மாதம், இரட்டைப்படை ஆகாது. ஒன்பதாம் மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்றால், குழந்தை கொஞ்சம் முன்னாலேயே வந்தாலும் வரலாம் என்று மிட்வைஃப் சொல்லிவைத்திருந்தார். ஆக, அந்த ஞாயிறு ஒன்றுதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் என் போனுக்கு ஒரு படம் வந்தது. முழுக்க வெள்ளை. படம் சரியாக இறங்கவில்லை என்று நினைத்து அழித்துவிட்டேன். அடுத்த படத்தில் அதே வெள்ளைக்கு நடுவே என் மனைவியின் முகம், சிறுபிள்ளை மாதிரி. அதற்கடுத்து எழுத்தில் ஒரு செய்தி: விமானம் ரத்து.

அந்த நிமிஷத்திலிருந்து நான் பேரிடர் மேலாண்மை அதிகாரியாகிவிட்டேன். முதலில் தெருமுனை டெய்ரிக்கு, இங்கே பெட்டிக்கடைக்கு அதுதான் பெயர், போய் ரொட்டி, பால், மெழுகுவர்த்தி, டார்ச்சுக்கு பேட்டரி எல்லாம் வாங்கினேன். கடைக்காரர் என்னைப் பார்த்தார், ஜன்னல் வழியாக வெளியே அடித்த வெயிலைப் பார்த்தார், எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்று விசாரித்தார். எங்கேயும் போகவில்லை, பனி பெய்கிறதே என்றேன். மனிதர் நல்லவர். சில்லறையை மட்டும் கொடுத்தார்.

இரவு மனைவி பேசினாள். விமான நிலையத்திலேயே கூட்டமாம், விடுதியில் அறையை நீட்டித்துவிட்டார்களாம், மூக்கு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லையாம். இவ்வளவையும் கல்யாண வீட்டிலிருந்து பேசுகிற மாதிரி சொன்னாள். மறுநாள் கிறைஸ்ட்சர்ச்சுக்கு பஸ் விட்டால் ஏறிவிடுவேன், அங்கிருந்து விமானம் இருக்கிறது என்றாள். விடாவிட்டால் என்று கேட்டேன்.

"விடுவாங்க. செடியை உள்ள வச்சீங்களா?"

வைத்திருந்தேன். படுக்கையறையில், கட்டிலுக்குப் பக்கத்தில், அவளுடைய சால்வையைச் சுற்றி.

சனிக்கிழமை காலையில் செய்தியைப் போட்டால், மலைப்பாதை மூடியிருக்கிறது. வரிசையாக நிற்கும் லாரிகளைக் காட்டினார்கள். சாயங்காலம் வரை பொறுத்துப் பார்க்கலாம் என்று மனைவி செய்தி அனுப்பியிருந்தாள். பொறுப்பது என்பது என்னிடம் இல்லாத பொருள். பின்பக்கத்தில் அந்தப் பெண் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். ஆன்ட்டி எங்கே வருகிறார் என்று கேட்டாள். பாதி வழி வந்தாச்சு என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டு உள்ளே வந்து, தாய் ஸ்தானத்துக்கு ஆள் தேட ஆரம்பித்தேன்.

முதலில் பிளாக்ஹவுஸ் பேயில் இருக்கும் யாழ்ப்பாணத்து அக்காவைக் கூப்பிட்டேன். கோயிலில் பழக்கம், என்னைவிட மூத்தவர். எங்கள் பக்கத்தில் வளைகாப்பு என்று செய்வதில்லையே தம்பி என்று இழுத்தார். மகள் காரில் கொண்டுவந்து விடுவாளா என்று கேட்டுவிட்டுத் திரும்பக் கூப்பிடுகிறேன் என்றார். வேறு யாராக இருந்தாலும் அந்தப் பதிலுக்குக் காத்திருப்பார்கள். நான் போனை வைத்த சூட்டோடு, என் மனைவியோடு நடைப்பயிற்சிக்குப் போகும் மலேசிய அக்காவைக் கூப்பிட்டேன். அவர் எடுக்கவில்லை. குரல்பதிவு ஒன்றை அனுப்பினேன். தாயில்லாப் பெண், ஆடி பிறக்கப் போகிறது, பனி கொட்டுகிறது, நீங்கள்தான் அம்மாவாக வந்து நிற்க வேண்டும், கூடவே கொஞ்சம் புளியோதரை. பிறகு கேட்டுப் பார்த்தேன். கப்பல் மூழ்கும்போது பேசுகிறவன் குரல். அதிலும் திருப்தி வராமல் அடுத்த தெருவில் இருக்கும் கோயம்புத்தூர்க்காரம்மாவின் வீட்டுக்கு நேரிலேயே போனேன். சொல்லி முடிப்பதற்குள் அவர் புளியை எடுத்து ஊறப் போட்டுவிட்டார்.

நிம்மதியாக வீடு திரும்பி டீ போட்டேன். டீ ஆறுவதற்குள் யாழ்ப்பாணத்து அக்கா திரும்பக் கூப்பிட்டார்.

"ஓம் தம்பி, மகள் கொண்டுவந்து விடுவாளாம். ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. தாயாய் நான் வாறன்."

இங்கேதான் நம் ஆட்கள் செய்யக்கூடிய தவறைச் செய்தேன். ஒரு பெண்மணியை நல்ல காரியத்துக்குத் தாயாக வந்து நில்லுங்கள் என்று வருந்திக் கூப்பிட்டுவிட்டு, வேறு தாய் கிடைத்துவிட்டார், நீங்கள் வர வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? ரொம்ப சந்தோஷம் அக்கா, கொஞ்சம் புளியோதரை மட்டும் என்றேன். மலேசிய அக்காவும் கூப்பிட்டு, பதிவைக் கேட்டு அழுதுவிட்டேன் என்றார். அவரிடமும் ரொம்ப சந்தோஷம் என்றேன்.

இருட்டிய பிறகு மனைவியின் செய்தி வந்தது. பாதை திறந்துவிட்டது, பஸ்ஸில் இருக்கிறேன், நாளை பிற்பகல் கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து விமானம். அது கிடைத்தால் வருகிறாள், கிடைக்காவிட்டால் இல்லை. அவளிடம் மூன்று தாய்மார்களைப் பற்றி நான் மூச்சுவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வாசலில் மூன்று கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. மூன்றிலிருந்தும் பட்டுப்புடவைகள் இறங்கின. மூன்று கையிலும் வளையல் தட்டு, மூன்று டிக்கியிலும் துண்டு சுற்றிய பெரிய பாத்திரம். மூன்று பாத்திரத்திலிருந்தும் ஒரே வாசனை. அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு மூன்று பேரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

"தம்பி," என்றார் யாழ்ப்பாணத்து அக்கா, "எத்தினை பேரிட்டை நீங்கள்தான் தாய் எண்டு சொன்னனீங்கள்?"

"நல்ல வேளை லா," என்றார் மலேசிய அக்கா. "இவரு போன்ல நம்பர் கொஞ்சமாத்தான் இருக்கு."

"ஏனுங்க, புள்ளைக்கு அம்மா இல்லீன்னு வந்து அழுதீங்க. இங்க ஒரு வேன் நெறைய வந்திருக்கறமுங்க." இது கோயம்புத்தூர்க்காரம்மா.

அந்தப் பெண்ணை மாலை போட்டு நாற்காலியில் உட்கார வைத்திருந்தோம். எதிரே அரிசி டப்பாவின் மேல் போனைச் சாய்த்துவைத்து, அதில் தென்காசி அம்மா. அங்கே இன்னும் விடியவில்லை. ஆனாலும் தலை சீவிப் பூ வைத்திருந்தார். மூன்று பேரும் சண்டைக்கு நிற்பார்கள் என்று நான் பயந்தேன். நடந்தது அதைவிட மோசம்: விட்டுக்கொடுத்தார்கள். நீங்கள் மூத்தவர், நீங்கள் போடுங்கள். இல்லை, இது உங்கள் ஊர் வழக்கம், நீங்கள் போடுங்கள். நீங்கள் மூன்று பிள்ளை பெற்றவர், உங்கள் கைதான் ராசி. பேரன் பேத்தி பிறக்கும்வரை இது முடியாது போலிருந்தது. யாரும் வளையலைத் தொடவில்லை.

அந்தப் பெண் மெதுவாகத் தலையைத் தூக்கினாள்.

"எனக்கு எல்லாரும் போடணும். ஆனா முதல் வளையல் ஆன்ட்டி வந்து போடட்டுமே. அம்மாகிட்ட அவங்கதான சொல்லியிருக்காங்க."

அரிசி டப்பாவின் மேலிருந்து குரல் வந்தது. "வரட்டும்ட்டி. நான் இருக்கேன். எனக்கு இங்க என்ன வேல?"

ஆக, காத்திருப்பது என்று முடிவாயிற்று, ராகுகாலம் தொடங்கும் வரை. ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் மாலையில்தான் வரும் என்பது ஒன்றே எங்கள் பக்கம் இருந்த நியாயம். மூன்று தாய்மார்களும் உடனே சௌகரியமாக உட்கார்ந்து, ஒருவர் புளியோதரையை ஒருவர் ருசி பார்க்க ஆரம்பித்தார்கள். ஒன்றில் வேர்க்கடலை தூக்கல், ஒன்றில் வெல்லம், ஒன்றில் காரம். கால் மணி நேரத்தில் மூன்று பேருக்கும் பொதுவான ஒரு விஷயம் கிடைத்துவிட்டது. அது நான்.

நானோ போனைத் தேய்த்துக்கொண்டே கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தேன். விமானம் தாமதம் என்று காட்டியது. பிறகு ஒன்றும் காட்டவில்லை. அவள் வராவிட்டால் இந்தப் பெண்ணின் முகத்தை எப்படிப் பார்ப்பது? காலையிலேயே யாராவது ஒருவரைப் போடச் சொல்லியிருக்கலாமோ? அவளோ நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, போனில் அம்மாவிடம், அங்கிள் நடந்தே கிறைஸ்ட்சர்ச் போய்விடுவார் போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் மனைவியிடமிருந்து ஒற்றை வார்த்தை வந்தது: ஏறிட்டேன். நான் கார் சாவியை எடுத்தேன். யாழ்ப்பாணத்து அக்கா எழுந்துவந்து சாவியை என் கையிலிருந்து வாங்கி அந்தப் பெண்ணின் கணவனிடம் கொடுத்தார்.

"நீர் போம் தம்பி. இவர் ஓடினா, பனியில்லாத றோட்டிலையும் சறுக்கும்."

வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது கார் வந்தது. ராகுகாலத்துக்கு இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. என் மனைவி செம்மஞ்சள் நிறத்தில் உப்பிய ஜாக்கெட்டும் முழங்கால் வரை பூட்ஸுமாக உள்ளே வந்தாள். பூட்ஸை உதறினாள். மூன்று தாய்மார்களைப் பார்த்தாள், மூன்று பாத்திரங்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவளுக்கு அந்த மூன்று பார்வையே போதும். கை கழுவிக்கொண்டு வந்து, புடவை மாற்றக்கூட நிற்காமல், ஜாக்கெட்டோடேயே பச்சை வளையல் ஒன்றை எடுத்து அந்தப் பெண்ணின் கையில் ஏற்றினாள்.

அந்தப் பெண் துள்ளினாள். "ஆன்ட்டி, கை ஐஸ் மாதிரி இருக்கு."

"ரெண்டு நாளா அதுலதான வச்சிருந்தேன்."

சிரித்த சிரிப்பில் வயிற்றுக்குள் பிள்ளையும் புரண்டிருக்க வேண்டும். அவள் சட்டென்று என் மனைவியின் கையைப் பிடித்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். அப்புறம் மற்ற மூன்று அம்மாக்களும் வரிசையாக வந்து அவள் கையை முழங்கை வரை நிறைத்தார்கள். தென்காசி அம்மா புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். இந்தத் தடவை என் கையில் வெங்காயமும் இல்லை. கறிவேப்பிலைச் செடியைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி உள்ளே போனேன்.

எல்லோரும் போன பிறகு மனைவி கட்டிலில் உட்கார்ந்து, தொட்டியைச் சுற்றியிருந்த சால்வையை அவிழ்த்துத் தன்மேல் போர்த்திக்கொண்டாள். மூன்று புளியோதரையையும் ஒரே தட்டில் வைத்துச் சாப்பிட்டாள். சாப்பிட்டுக்கொண்டே நடந்ததையெல்லாம் என் வாயிலிருந்து பிடுங்கினாள். பிறகு பையிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்தாள். நான் வரவில்லையே என்று எனக்காகப் பனியை அள்ளி அடைத்துக்கொண்டு வந்தாளாம். மூடியைத் திறந்து டம்ளரில் ஊற்றினாள். வெறும் தண்ணீர். அரை டம்ளர்கூட இல்லை.

டம்ளரை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தாள்.

"இதுக்குத்தானா அவ்வளவு பயந்தீங்க?"

நான் ஒரு வாய் குடித்தேன். பல் கூசியது. மிச்சத்தை அவள் கறிவேப்பிலைக்கு ஊற்றினாள். பின்பக்கத்துப் போர்ஷனில் அந்தப் பெண் பாத்திரம் எதையோ எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வளையல் சத்தம் கேட்டது.