கடைசிக் கோட்டின் நிறம்

என் கணவருக்குச் சிவப்பு, பச்சை, பழுப்பு மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். கல்யாணமான புதிதில் நான் கட்டியிருந்த பச்சைப் புடவையைப் பார்த்து, "இந்தக் காபி கலர் உனக்கு நல்லா இருக்கு" என்றார். கிண்டல் செய்கிறார் என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. படித்து முடித்ததும் ரயில் ஓட்டும் வேலைக்குத் தேர்வு எழுதித் தேறி, கண் பரிசோதனையில் போய் விழுந்திருக்கிறார். புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைச் சொல்லச் சொன்னார்களாம். இவருக்கு வெறும் புள்ளிதான் தெரிந்ததாம். அதன் பிறகு கம்ப்யூட்டர் படித்து, இப்போது சிறுசேரியில் வேலை. காலை ஏழு மணிக்குத் தாம்பரத்தில் கம்பெனி பஸ் ஏறினால் திரும்பி வர இருட்டிவிடும்.

அப்படிப்பட்டவருக்குப் பொழுதுபோக்கு என்ன தெரியுமா? பழைய வால்வு ரேடியோக்களைப் பிரித்து மேய்வது. அந்த ரேடியோவுக்குள் பாதி விஷயம் நிறத்தில்தான் எழுதியிருக்கும். ஆண்டவருக்கும் கிண்டல் உண்டு என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

கண்டென்சர் என்று ஒரு சாமான். மின்சாரத்தைக் கொஞ்சம் பிடித்து வைத்து விடுகிற வேலை அதற்கு. இப்போது வருகிறவற்றில் எண்ணை அச்சடித்துவிடுகிறார்கள். இவர் ரிச்சி தெரு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளிலிருந்து பை பையாக அள்ளி வருகிற பழையவற்றில் எண் கிடையாது. மேலிருந்து கீழாக ஐந்து நிறக் கோடுகள், பெட்டிக்கடை மிட்டாய் மாதிரி. முதல் மூன்று கோடும் அதன் அளவு. நான்காவது, அந்த அளவு எவ்வளவு முன்னே பின்னே இருக்கலாம் என்பது. கடைசிக் கோடுதான் அது எத்தனை வோல்ட் தாங்கும் என்று சொல்வது. சிவப்பு என்றால் இருநூற்றைம்பது, மஞ்சள் என்றால் நானூறு. அளவை மீட்டரில் வைத்துப் பார்த்துவிடலாம். எத்தனை வோல்ட் தாங்கும் என்பதை இவரிடம் இருக்கிற எந்த மீட்டரும் சொல்லாது. அதற்குக் கண் வேண்டும். எங்கள் வீட்டில் அந்தக் கண் நான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, சாப்பிட்டு, இரண்டு மணி வாக்கில் ஜன்னலோரம் உட்காருவோம். விளக்கு வெளிச்சத்தில் ஆரஞ்சும் சிவப்பும் ஏமாற்றும், அதனால் பகல் வெளிச்சம்தான். கோடுகளுக்கு நடுவே இடைவெளி இருக்காது. அடுத்தடுத்து ஒரே நிறம் வந்தால் ஒரு தடித்த கோடு போலத்தான் தெரியும், அதை இரண்டாகப் படிக்க வேண்டும். நான் மேலிருந்து படிப்பேன், அவர் எழுதிக்கொள்வார். முடிந்ததும் "திருப்பி" என்பார். கீழிருந்து மேலாக மறுபடி படிப்பேன். இரண்டும் ஒத்துப்போனால்தான் அது டப்பாவுக்குள் போகும். இது அவராக வைத்த சட்டம். கணக்கு டீச்சரான எனக்கும் அது பிடித்திருந்தது. விடையைச் சரிபார்க்காத பிள்ளைகளை வகுப்பில் நான் விடுவதே இல்லை.

போன வருஷம் என் அம்மாவுக்கு மூட்டு அறுவை சிகிச்சை நடந்தது. காலையிலிருந்து மாலை வரை ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். இவர் லீவு போடவில்லை. ஏதோ சாப்ட்வேர் வெளியாகிற வாரமாம். "நீதான் இருக்கியே" என்று போனில் சொன்னார். அந்த இரண்டு வார்த்தைக்கு நான் இரண்டு வாரம் பேசாமல் இருந்திருக்கலாம், நாலு நாள்தான் இருந்தேன். அந்த நாலு நாளுக்குள் ஒரு ஞாயிறு வந்து தொலைத்தது.

இரண்டு மணிக்குக் கண்டென்சர் தட்டைக் கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். ஊரப்பாக்கத்தில் இருக்கும் அவருடைய அக்காவுக்காக ஒரு ரேடியோவைத் தயார் செய்துகொண்டிருந்தார். நாத்தனாருக்குக் காலையில் எழுந்ததும் பாட்டு வேண்டும், போனில் கேட்டால் அவருக்குப் பாட்டு மாதிரியே இல்லையாம். தட்டில் ஐந்து கண்டென்சர். நாலை எடுத்துப் படித்தேன். நாலும் ஒரே ஜாதி: மஞ்சள், ஊதா, ஆரஞ்சு, வெள்ளை, மஞ்சள். ஐந்தாவதை எடுத்தபோது எனக்குப் பொறுமை போய்விட்டது. மூக்குக்கண்ணாடியை ஏற்கெனவே கழற்றிவிட்டிருந்தேன். மேல் கோடு மஞ்சள் என்று தெரிந்ததும், மிச்சத்தைப் பார்க்காமலே முந்தையதைப் போலவே சொல்லிவிட்டு எழுந்து சமையலறைக்குப் போனேன். அவர் "திருப்பி" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது அந்தச் சண்டைக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தையாக இருந்திருக்கும். அதைச் சொல்ல அவருக்கும் வீம்பு.

பத்து நாள் அந்த ரேடியோ நன்றாகத்தான் பாடியது. பதினோராம் நாள் நாத்தனாரிடமிருந்து போன். இரண்டு பேரும் ஓடினோம். அதற்குள் எங்களுக்குள் சமாதானம் ஆகியிருந்தது, எப்போது ஆனது என்று கேட்டால் எனக்கே தெரியாது. அங்கே போனால் வரவேற்பறை முழுக்கக் கருகல் நாற்றம். ரேடியோவின் பின்பலகை எரிந்து, பக்கத்தில் தொங்கிய திரைச்சீலையிலும் தீ பிடித்திருக்கிறது. நாத்தனார் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெட்டியைத் திரைச்சீலையிலிருந்து இழுத்துப் போட்டிருக்கிறார். வலது கையில் மூன்று விரல் கொப்பளித்துப் போயிருந்தது. "எனக்கு ஒண்ணுமில்லடா, நீ பயப்படாத" என்று தம்பியைத்தான் தேற்றிக்கொண்டிருந்தார்.

இவர் தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தார். வெடித்துப் பிளந்திருந்த ஒரு கண்டென்சரைக் கிள்ளி எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். மேல் பாதி கருகியிருந்தது. கம்பிகள் இருக்கும் கீழ்ப்பக்கம் தப்பித்திருந்தது. கடைசிக் கோடு சிவப்பு. நல்ல சிவப்பு, குங்குமம் மாதிரி. நானூறு வோல்ட் தாங்க வேண்டிய இடத்தில் இருநூற்றைம்பது.

நாத்தனாரின் கணவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். கத்துகிற ஆள் இல்லை, சிரித்துக்கொண்டே குத்துகிற ஆள். "மச்சான், கலரே தெரியாத ஆளுக்கு எதுக்கு இந்த வேலை? அன்னைக்கு உன்னை ரயில்ல ஏத்தாம விட்டாங்களே, புண்ணியவானுங்க" என்றார்.

இவர், "ஆமா மாமா. என் தப்புதான்" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. நிறம் படித்தது நான் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. நாத்தனாரின் கையைப் பார்க்கப் பார்க்கப் பயம்தான் அதிகமானது.

அடுத்த ஞாயிறு தட்டு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. மூன்றாவது சனிக்கிழமை, ரேடியோக்களையும் டப்பாக்களையும் அட்டைப் பெட்டியில் அடுக்கி, பழைய சாமான் எடுக்கிறவருக்குப் போன் செய்துகொண்டிருந்தார். "யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது" என்றார் என்னிடம். அதற்கு மேல் என்னாலும் முடியவில்லை. கையிலிருந்த போனைப் பிடுங்கி வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடி போடாதது, பார்க்காமலே சொன்னது, அங்கே சிவப்பைப் பார்த்தும் ஊமையாய் நின்றது.

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எனக்கு அன்னைக்கே அந்தக் கடைசிக் கோடு கொஞ்சம் இருட்டாத்தான் தெரிஞ்சுது" என்றார். "மத்த நாலுல பளிச்சுனு இருந்துச்சு."

"அப்புறம் ஏங்க கேக்கல?"

"என் கண்ணுக்குத் தெரியறத வெச்சு உன்னை எப்படிம்மா சந்தேகப்படுறது?"

நான் அழுதேன். அம்மாவை ஆபரேஷன் மேஜைக்குக் கொண்டுபோனபோதுகூட அப்படி அழவில்லை. இந்த மனிதரின் கண் சரியாகப் பார்த்திருக்கிறது. அதை நம்பக் கூடாது என்று ஊரே அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. அந்த ஊரில் நானும் இருந்திருக்கிறேன்.

அன்றைக்கே தனியாக ரயிலேறி ஊரப்பாக்கம் போனேன். நாத்தனார் இடது கையால் டீ போட்டுக் கொண்டு வந்தார். அவர் கணவர் சோபாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே சொன்னேன்.

"அண்ணா, அன்னைக்குத் தப்பு அவர் மேல இல்ல. கலர் படிச்சது நான். பார்க்காமலே மஞ்சள்னு சொல்லிட்டேன். அவர் கண்ணுக்குச் சரியாத்தான் தெரிஞ்சுருக்கு."

அவர் பேப்பரை மடித்தார். பிறகு மனைவியின் பக்கம் திரும்பிச் சிரித்தார். "பாத்தியா? புருஷன விட்டுக்குடுக்காம பழிய தன் மேல போட்டுக்குது. நீ என்னிக்காவது எனக்கு இப்படிச் செஞ்சிருக்கியா?"

"இல்லண்ணா, நிஜமாத்தான் சொல்றேன்."

"சரிம்மா, சரிம்மா."

"ஆண்டவர் மேல ஆணையா நான்தான் அண்ணா." என் வாழ்நாளில் அதற்கு முன் நான் ஆணையிட்டதில்லை.

அவர் முகம் மாறியது. "தப்பும்மா. அவனுக்காக ஆண்டவர் பேர்ல பொய் ஆணையெல்லாம் இடக் கூடாது. உக்காரு. டீயைக் குடி." நாத்தனார் பக்கத்தில் வந்து, கட்டுப் போட்ட கையை என் தோளில் வைத்து, "என் தம்பி குடுத்து வெச்சவன்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

வீட்டுக்குத் திரும்பியபோது இவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். "மாமா என்ன சொன்னார்?" என்றார்.

"என்னைப் பாராட்டினார்" என்றேன்.

அன்று அந்தக் கருகல் நாற்றத்தில், இவர் தரையில் உட்கார்ந்திருந்தபோதே நான் வாயைத் திறந்திருந்தால் நம்பியிருப்பார்கள். திட்டியிருப்பார்கள், ஆனால் நம்பியிருப்பார்கள். இனி நான் என்ன சொன்னாலும், அந்த வீட்டில் என் கணவர் கலர் தெரியாமல் அக்கா கையைச் சுட்டவர்தான்.