கோட்டுக் கைக்குள் குடிவந்த குளவி

"ஙொய்ங்ங்..." என்று ஒரு சத்தம். குளவி மண்ணை அப்பும்போது வரும் சத்தம் அது. முக்கூடல் வீட்டில் நாலு நாளாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. எங்கே கட்டுகிறது என்று நான் தேடவில்லை. எங்கள் ஊரில் குளவி கட்டாத வீடு உண்டா?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்து வாக்கில் இருக்கும்... பாளையங்கோட்டைக் கச்சேரியில் குமாஸ்தா வேலைக்கு என்னைத் துரை நேரில் வரச் சொல்லியிருந்தார். கோட்டு இல்லாமல் அவர் முன்னால் நிற்க முடியாது. என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று, கல்யாணத்துக்கு மாமனார் தைத்துக் கொடுத்தது.

விடிந்ததும் ஆணியிலிருந்து எடுத்துக் கையை நுழைத்தேன். பாதியில் முட்டியது. உள்ளே கொய்யாக்காய் அளவுக்கு மண்கூடு!

தட்டிவிடப் போனேன். என் மனைவி செண்பகம் ஓடி வந்து கோட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"கை வச்சிராதிய! குளவி கட்டுனா வீட்டுல பிள்ளை பொறக்கும்லா?"

"ஏளா, வண்டிக்கு நேரமாச்சு. எனக்கு வேலை வேண்டாமா?"

அவள் கோட்டை விடவில்லை. கல்யாணமாகி நாலு வருஷம்... கோயில் கோயிலாகப் போய் வந்தவள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு மனசு வரவில்லை.

அடுத்த வீட்டு சாமுவேல் அண்ணாச்சி மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். விஷயத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "எங்க வேதத்துல குளவிக்கு இம்புட்டு மரியாதை கிடையாது வே. ஆனா தங்கச்சி சொன்னா சரிதான். என் கோட்டை மாட்டிக்கிடும்."

அவர் மூன்று ஆள் பருமன். நான் ஒட்டடைக்குச்சி. கோட்டுக்குள் என்னைத் தேட வேண்டியிருந்தது.

துரைக்குத் தமிழ் தெரியும். மேலும் கீழும் பார்த்தார்.

"இது யார் கோட்டு?"

பொய் வாயில் வரவில்லை. குளவி, கூடு, செண்பகம் என்று எல்லாவற்றையும் உளறிவிட்டேன். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"குளவி எப்போது காலி செய்யும்?"

"குஞ்சு பறந்ததும், துரை."

மேஜையைத் தட்டிச் சிரித்தார். "அதுவரை இதையே போட்டுக்கொண்டு வேலைக்கு வா."

ஒரு மாதம் அண்ணாச்சி கோட்டில்தான் உத்தியோகம் பார்த்தேன். குஞ்சு பறந்த மறு வருஷம் எங்கள் வள்ளி பிறந்தாள்.

இப்போது துரையும் இல்லை, இரவல் கோட்டு தர அண்ணாச்சியும் இல்லை. போன வாரம் வெள்ளையடிக்க ஆள் வந்திருந்தது. ஜன்னலோரம் இருந்த குளவிக்கூட்டை வள்ளி துடைப்பத்தால் தட்டப் போனாள். அடுப்படியிலிருந்து செண்பகம் போட்டாளே ஒரு சத்தம்!

"ஏட்டி, கை வச்சிராத! அது கட்டித்தான் நீ வந்த!"

வீடு முழுக்க இப்போது பளிச்சென்று வெள்ளை. அந்த ஜன்னலோரம் மட்டும் ஒரு சாண் அழுக்கு அப்படியே இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் சிரிப்பு வருகிறது... கண்ணும் கொஞ்சம் கலங்குகிறது.