வாசல் நிலைக்குக் கீழே ஒரு வெள்ளி ரூபாய்

மெட்டல் டிடெக்டர் ஒன்றை நான் ஆன்லைனில் வாங்கியது வரலாற்று ஆர்வத்தால். எங்கள் கொங்குப் பக்கம் மண்ணைக் கிளறினால் ரோமானியக் காசு கிடைக்கும் என்று படித்திருந்தேன். படித்ததோடு நின்றிருக்கலாம். பெட்டி வந்த மறுநாள், வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர், புதையலை எடுத்து வைத்துக்கொண்டால் நான் எப்படியெல்லாம் உள்ளே போகலாம் என்பதைக் காபி குடித்தபடி விளக்கினார். அதன்பின் கருவி ஒரு வருடம் பரண்மேல் கிடந்தது. கடைசியில் அது தேடப் போனது ஒரே ஒரு நாணயத்தை. அதுவும் ரோமாபுரிக் காசு இல்லை, என் அப்பாவின் காசு.

அப்பாவிடம் ஒரு வெள்ளி ரூபாய் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்துக் கனமான காசு. பீரோ லாக்கரில் ஒரு மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்தார். நான் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது துணி இருந்தது, காசு இல்லை. வாரம் ஒரு சினிமா பார்த்துக்கொண்டிருந்த ஒருவன் வீட்டில் இருந்ததால் விசாரணையே தேவைப்படவில்லை.

“எடுத்திருந்தா திருப்பி வெச்சுப்போடு கண்ணு. நான் பாக்கமாட்டேன்” என்றாள் அம்மா. சொன்னபடியே தினமும் பீரோவைத் திறந்து வைத்துவிட்டுப் பத்து நிமிடம் சமையலறைக்குப் போய்விடுவாள். எடுக்காத காசை நான் எங்கிருந்து திருப்பி வைப்பது? அப்பா ஒரு வார்த்தையும் கேட்காமலே போய்ச் சேர்ந்தார். இப்போது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. இன்றும் வீட்டில் கண்ணாடிக் கூடு காணவில்லை என்றால்கூட அம்மாவின் பார்வை என்னைத் தொட்டுவிட்டுத்தான் அறையைச் சுற்றும்.

போன தை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, போத்தனூரில் இருக்கும் அக்கா போனில் கூப்பிட்டாள். பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

“தம்பி, அந்த மிசினு இன்னும் வெச்சிருக்கறயா?”

“இருக்குது. ஏனுக்கா?”

“அப்பாவோட வெள்ளி ரூபா... அத நான்தான் எடுத்தேன்.”

வாசல் நிலை வைக்கும்போது அதன் அடியில் காசு போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். பெண்ணின் பிறந்த வீட்டிலிருந்து ஒரு வெள்ளிக் காசு வந்தாக வேண்டும் என்று, இந்தப் பழைய வீட்டைக் கட்டும்போது அக்காவின் மாமியார் சொல்லியிருக்கிறார். அப்பாவுக்கு அப்போது மில் வேலை போயிருந்தது. கேட்டால் கொடுத்துவிடுவார், அதனால்தான் கேட்கக் கூசியது என்றாள் அக்கா. விருந்துக்கு வந்த சாக்கில் எடுத்துப்போய் “எங்கப்பா குடுத்தது” என்று நிலைக்கு அடியில் போட்டுவிட்டாள்.

“முப்பத்திரண்டு வருசமாச்சுக்கா!”

“சொல்லோணும்னுதான் இருந்தேன் கண்ணு. மொதல்ல உனக்குப் பரீட்சை. அப்பறம் கல்யாணம். அப்பறம் உனக்குச் சக்கரை வந்துருச்சு...”

புது நிலை வியாழன் காலை ஆறு மணிக்கு. அதற்கடுத்த நாள், பழைய வாசல் இருந்த இடத்தில் கார் நிறுத்தக் கான்கிரீட் போடுகிறார்கள். புது நிலைக்கும் அதே காசுதான் வேண்டும் என்றாள் அக்கா. எனக்கோ அது அம்மாவின் உள்ளங்கையில் வைத்துக் காட்ட வேண்டிய காசு. அக்கா போனிலேயே அம்மாவிடம் சொல்லிவிடத் தயாராக இருந்தாள். நான்தான் வேண்டாம் என்றேன். அம்மா வாய்ச்சொல்லை நம்ப மாட்டாள். தம்பியைக் காப்பாற்ற அக்கா பழியை ஏற்றுக்கொள்கிறாள் என்றுதான் எடுத்துக்கொள்வாள்.

புதன் காலை கருவியோடு போய் இறங்கினேன். மச்சான் முன்னமே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் சுவிட்சைப் போட்டதும் கருவி ஊளையிட ஆரம்பித்தது.

“ஏனுங்க சார், அதுக்கு எங்கீங்க வலிக்குது?” என்று கேட்டார் மேஸ்திரி.

வலிக்கக் காரணம் இருந்தது. ஒவ்வொரு முறை தார் போடும்போதும் ரோடு உயர்ந்து, மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வரத் தொடங்கியதால், பழைய வீட்டின் முன்பக்கத்தை மச்சான் ஒருமுறை மேடாக்கியிருந்தார். அதற்கு அவர் கொட்டியது பவுண்டரி மண். இரும்பு வார்த்து முடித்து வெளியே தள்ளுகிற கறுப்பு மண். கோயமுத்தூரில் பாதிப் பேருடைய வாசல் அதில்தான் நிற்கிறது. “சும்மா குடுத்தாங்க, நாலு லோடு” என்று இப்போதும் பெருமையாகச் சொன்னார். அரிசியில் கல் மாதிரி அந்த மண் முழுக்க இரும்புத் துணுக்குகள்.

கருவியில் உணர்திறனைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு உண்டு. இரும்பு கலந்த மண்ணில் அதைக் குறைத்து வைத்தால்தான் ஆழத்தில் கிடப்பது கேட்கும் என்று கையேட்டில் இருந்தது. நான் படித்திருந்தேன். ஆனால் படித்ததை மச்சான் முன்னால் நம்பத் தைரியம் வரவில்லை.

“ஆழத்துல கெடக்குது மாப்பிள்ளை. ஃபுல்லா வெச்சாத்தான எட்டும்?”

ஃபுல்லாக வைத்தேன். ஊளை ஒப்பாரியானது. மதியம்வரை தோண்டியதில் எட்டு ஆணி, ஒரு சைக்கிள் செயின், ஒரு கதவுத் தாழ்ப்பாள் கிடைத்தன. மேஸ்திரி அவற்றை ஒரு செங்கல்மேல் வரிசையாக வைத்து, “மியூசியம் ஆரம்பிச்சரலாமுங்க” என்றார்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு இடத்தில் சத்தம் மாறியது. சுத்தமான, மணி போன்ற ஒலி. திரையில் வெள்ளி என்று காட்டியது. “இங்கதான்!” என்று கத்தினேன். மேஸ்திரியின் ஆட்கள் இரண்டடி தோண்டினார்கள். மண்தான் வந்தது. குழியின் மறுபக்கம் போய்க் கருவியை ஆட்டினேன், அங்கேயும் வெள்ளி. போத்தனூர் பூமி முழுக்க வெள்ளி என்று எனக்குப் புல்லரித்தபோது மச்சான் நாற்காலியை விட்டு எழாமலே சொன்னார்:

“மாப்பிள்ளை, உங்கக்கா காலைப் பாருங்க.”

அக்கா காலையிலிருந்து என் பக்கத்திலேயே ஒட்டி நடந்துகொண்டிருந்தாள், இரண்டு கால் விரல்களிலும் வெள்ளி மெட்டிகளோடு.

மேஸ்திரி சிரித்து முடிக்க நேரம் எடுத்துக்கொண்டார். எனக்கு அதற்குள் வெட்கம் போய் வேறொன்று தோன்றியது. வெள்ளியின் சத்தம் எப்படி இருக்கும் என்பது இப்போது தெரிந்துவிட்டது.

“அக்கா, காலை நீட்டு. அசையாத.”

“உனக்கென்ன பைத்தியமா?”

“முப்பத்திரண்டு வருசம் நான் அசையாம நின்னேன். நீ அஞ்சு நிமிசம் நில்லு.”

நின்றாள். அவள் காலுக்குமேல் கருவியைப் பிடித்தபடி திருகைக் குறைத்துக்கொண்டே வந்தேன். ஊளை முனகலாகி, முனகல் அடங்கி, மெட்டி மட்டும் தனியாகக் கேட்டது. திருகு அப்போது பாதிக்கும் கீழே இருந்தது. மேலாக இருந்த கறுப்பு மண்ணை ஒரு சாண் ஆழத்துக்கு வழித்து எறியச் சொன்னேன். செல்போன்களையும் அக்காவையும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் அனுப்பினேன். பிறகு, வீட்டைப் பெருக்கும் வேகத்தைவிட மெதுவாகக் கருவியை ஆட்டிக்கொண்டு நடந்தேன்.

நாலரை மணிக்கு அது கேட்டது. மிக மெல்லிசாக, பக்கத்து அறையில் யாரோ டம்ளரை வைத்ததுபோல. இரும்பாக இருந்தால் ஒரு பக்கம் போகும்போது கேட்டு, திரும்பும்போது காணாமல் போகும். இது இரண்டு பக்கமும் கேட்டது. குறுக்கே போனேன், கேட்டது.

கடப்பாரை வேண்டாம் என்று கரண்டியால் தோண்டினார் மேஸ்திரி. முக்கால் அடியில் பழைய சுண்ணாம்புக் கட்டியோடு ஒட்டிக்கொண்டு மூன்று நாலு செப்புக் காசுகள். நடுவில் கறுத்துப்போன ஒன்று. அக்கா ரோட்டைத் தாண்டி ஓடிவந்து அதை வாங்கி முந்தானையில் தேய்த்தாள். ராஜாவின் காது தெரிந்தது. அவள் அதற்குமேல் தேய்க்கவில்லை.

அன்று மாலையே இருவரும் அம்மாவிடம் போனோம். அம்மாவின் கையில் காசை வைத்து அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா அதை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

“நீ எடுத்தது அன்னைக்கே தெரியும்” என்றாள் அக்காவிடம்.

நான் அம்மாவின் முன்னால் போய் நின்றேன். “அப்ப என்னைய எதுக்கும்மா...”

“அவளைச் சொன்னா சம்பந்தி ஊடு வரைக்கும் போயிருஞ் சாமி. உன்னையச் சொன்னா ஊட்டுக்குள்ளயே முடிஞ்சுரும். உங்கப்பாவுக்கும் தெரியும்.”

“அந்தப் பீரோ?”

“தெறந்து வெக்காட்டி, எனக்குத் தெரியும்னு வந்து போற உங்கக்காவுக்குச் சந்தேகம் வந்துருமே.”

அக்கா அழுதாள். நான் அழலாமா கோபப்படலாமா என்று முடிவு செய்வதற்குள் அம்மா காசை என் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டாள்.

“நாளைக்கு நீயே கொண்டுபோய்ப் போடு. இந்தத் தடவையாவது குடுத்ததா இருக்கட்டும்.”

வியாழன் காலை ஆறு மணிக்கு, மஞ்சள் பூசிய நிலையை நாலு பேர் தூக்கிப் பிடித்திருக்க, நான் குனிந்து காசைப் போட்டேன். அம்மா காரிலிருந்து இறங்கி வந்து, சம்பந்தி வீட்டு ஆட்கள் எல்லோருக்கும் கேட்கும்படி மேஸ்திரியிடம் சொன்னாள்: “எங்க ஊட்டுச் சீருங்க. என்ற பையன் கொண்டாந்தது.”

மேஸ்திரி என்னை ஒருமுறை பார்த்தார். “தெரியுமுங்கம்மா” என்று சொல்லிவிட்டுக் கலவையை அள்ளிப் போட்டார்.