ரேடியோவில் கேட்ட என் தொண்டை

ஐம்பதுகளின் கடைசி வருஷங்கள். போடிநாயக்கனூரில் ஒரு ஏலக்காய் மண்டியில் எடை போடுகிற வேலை எனக்கு. பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. மிச்சப் படிப்பெல்லாம் பொட்டலம் கட்ட வருகிற பழைய பத்திரிகைகளில்தான். வாய் மட்டும் ஓயாது. "இவன் கைக்கு ஒரு சம்பளம், வாய்க்கு ஒரு சம்பளம் குடுக்கணும்யா" என்று எங்கள் கணக்குப்பிள்ளை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார்.

மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களோடு பேச எனக்கு அலுக்கவே அலுக்காது. மேலே மழையா என்று கேட்டால் "மலை மூஞ்சி கழுவுது" என்பார்கள். குளிர் எப்படி என்றால் "எலும்ப எண்ணிப் பாக்குது" என்பார்கள். இதையெல்லாம் பிடித்து வைத்துக்கொண்டு நாலு பேரிடம் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

அப்படி வருகிறவர்களில் ஒரு அம்மாள் உண்டு. குரங்கணிக்கு மேலே ஒரு தோட்டத்தில் ஏலப்பழம் எடுக்கிறவள். சந்தை நாளில் லோடு ஜீப்பில் இறங்கி வந்து, சாமான் வாங்கிக்கொண்டு, ஜீப்பு திரும்புகிற வரைக்கும் எங்கள் மண்டி வாசலில் உட்கார்ந்திருப்பாள். புருஷன் இல்லை. ஒரே மகள். அந்தப் பெண் செடிக்கு நடுவே பாடிக்கொண்டே பழம் எடுக்கும். ஒரு நாள் நாடகக் கம்பெனியோடு போய்விட்டது. அதற்கப்புறம் தோட்டத்து வரிசை வீடுகளில் இந்த அம்மாள் கேட்காத பேச்சு கிடையாது. "ஒம்மக இப்ப எந்த ஊருல ஆடுறா?" என்று தண்ணீர்க் குழாயடியிலேயே கேட்பார்களாம். வாயைத் திறக்காமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாளாம்.

அந்த வருஷம் திருச்சியில் ஒரு பெரிய கொட்டகையில் இசை நாடகம். மேடையில் நடக்க நடக்க அதை அப்படியே ரேடியோவில் விடப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. கதாநாயகனாக ராஜபார்ட் போடுகிறவர் எங்கள் ஊர்க்காரர். போடியே பரபரத்தது. பார்க்கில் கம்பத்து உச்சியில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக்குக் கீழே உட்கார இப்போதே இடம் பிடிக்கவேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். எனக்கும் என் கூட்டாளிகள் மூன்று பேருக்கும் அது போதவில்லை. திருச்சிக்கே போய்விடுவது என்று முடிவு செய்தோம்.

ஏனென்றால், எங்கள் பக்கம் ஒன்ஸ்மோர் இல்லாமல் நாடகம் கிடையாது. பாட்டு பிடித்தால் கத்துவோம். அவர் மறுபடி பாடியாகவேண்டும். பாடாவிட்டால் அடுத்த ஆளை வசனம் பேச விடமாட்டோம். எத்தனை ஒன்ஸ்மோர் வாங்கினார் என்பதில் நடிகருக்கு மரியாதை. எவன் முதலில் கத்தினான் என்பதில் ரசிகனுக்கு மரியாதை. போடியில் அந்த மரியாதை என்னுடையது.

"ரேடியோவுல கத்துனா ஊர் பூரா கேக்கும்ல மாப்ளே?" என்றான் ஒரு கூட்டாளி.

"பார்க்குல உக்காந்திருக்கவன் எல்லாம் நம்ம தொண்டையக் கேட்டு எந்திரிச்சு நிக்கணும்டா" என்றேன் நான்.

விஷயம் அந்த அம்மாள் காதுக்கும் போயிருந்தது. அடுத்த சந்தை நாளில் என்னைத் தேடி உள்ளேயே வந்துவிட்டாள்.

"அப்பு, நீ திருச்சிக்குப் போறியாமே?"

"ஆமா ஆத்தா. நம்ம ஊரு ராஜபார்ட்டுக்கு நாம கை தட்டாம யாரு தட்டுவா?"

"எம்மகளும் அதுல இருக்கா. தோழி வேசம். கடைசிச் சீன்ல அவளுக்குன்னு ஒரு பாட்டாம். சொல்லிவிட்டிருக்கா." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அவளப் பாத்தீன்னா சொல்லு, ஆத்தா எறங்கி வந்து பார்க்குல உக்காந்து கேக்குதுன்னு. நான் மட்டும் வரல. என்னென்ன பேசுனாளுகளோ அம்புட்டுப் பேரையும் சோலிய விட்டுட்டு வாங்கடின்னு கூட்டியாறேன். கேக்கட்டும்."

திருச்சியில் நாடகம் தொடங்குவதற்கு முன்னால் ஊர்க்காரர் என்று சொல்லி மேடைக்குப் பின்னால் போனேன். ராஜபார்ட்டைக் கும்பிட்டுவிட்டு அந்தப் பெண்ணையும் பார்த்துச் செய்தியைச் சொன்னேன். பாதி முகத்துக்குத்தான் பவுடர் பூசியிருந்தது. அப்படியே நிமிர்ந்து பார்த்தது.

"ஆத்தாவா? பார்க்குல வந்து உக்காருதா?"

"தனியா இல்லம்மா. வரிசை வீட்டுச் சனத்தையே கூட்டியாருது."

கண்ணைத் துடைத்தால் மை கலைந்துவிடும் என்று மேலே பார்த்துக்கொண்டு நின்றது. அப்புறம் சொன்னது: "அண்ணே, அந்தப் பாட்டோட மெட்டு ஆத்தாவோடது. பழம் எடுக்கையில முனகும்ல, அதுல ஒண்ணு. நாடக வாத்தியாரு வார்த்தைய மாத்திப் போட்டுட்டாரு. ஆனா மெட்டு அப்படியே இருக்கு. ஆத்தா கேட்டா ஒடனே கண்டுபிடிச்சிரும்."

சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டேன். நல்ல விஷயமாயிற்றே, ஊருக்குப் போய்ச் சொல்ல ஒரு சங்கதி கிடைத்தது என்றுகூட நினைத்தேன்.

திரை தூக்குவதற்கு முன் ரேடியோ நிலையத்து ஆள் ஒருவர் மேடையில் வந்து பேசினார். மேடை ஓரத்தில் ஒரு சிவப்பு பல்பு எரியும், அது எரிகிற வரைக்கும் இங்கே நடப்பது ரேடியோவில் போகும், நேரம் முடிந்ததும் நாடகம் முடிந்தாலும் முடியாவிட்டாலும் செய்திக்கு மாற்றிவிடுவார்கள், ஆகையால் கை தட்டுங்கள், ஆனால் தயவுசெய்து ஒன்ஸ்மோர் மட்டும் கேட்காதீர்கள் என்றார். எல்லோரும் சிரித்தோம். கல்யாண வீட்டில் சாப்பிடாதே என்று சொல்கிற மாதிரி இருந்தது எங்களுக்கு.

பல்பு எரிந்தது. நாடகம் ஆரம்பித்தது. எங்கள் ஊர்க்காரர் முதல் பாட்டை இழுத்து நிறுத்தினார் பாருங்கள், நான் நாற்காலி மேலேயே ஏறிவிட்டேன். "ஒன்ஸ்மோர்!" அந்தக் குரல் எனக்கே புதிதாக இருந்தது. கூட்டாளிகள் பிடித்துக்கொண்டார்கள், பிறகு பின்வரிசை, பிறகு கொட்டகை முழுவதும். அவர் என் பக்கம் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு மறுபடி பாடினார். அடுத்த பாட்டுக்கும் நான்தான் முதல். அதற்கடுத்த பாட்டுக்கு அவரே காதருகில் கை வைத்து 'கேட்கவில்லையே' என்கிற மாதிரி ஜாடை காட்டினார். விடுவோமா? ரேடியோ நிலையத்து ஆள் மேடைக்குக் கீழே வந்து நின்று எங்களைப் பார்த்துக் கை எடுத்துக் கும்பிட்டார். "டேய், அவரே நமக்குக் கும்பிடு போடுறாருடா" என்று கூட்டாளி சொல்ல, அதற்கும் ஒரு சிரிப்பு.

நடுவில் ஒன்றிரண்டு காட்சிகளை அவசர அவசரமாக ஓட்டினார்கள். எதற்கு ஓட்டுகிறார்கள் என்று நான் யோசிக்கவில்லை. ராஜபார்ட்டின் கடைசிப் பாட்டு, அதற்கும் ஒரு ஒன்ஸ்மோர், அது முடிந்து கைதட்டல் அடங்குவதற்குள் பல்பு அணைந்துவிட்டது.

"வாங்கடா, சோடா குடிப்போம்" என்றேன்.

"இன்னும் ஒரு சீன் இருக்குடா."

"ரேடியோ போயிருச்சுல்ல. இனிமே யாருக்குக் கத்துறது?"

சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பெண்ணோ, பார்க்கில் உட்கார்ந்திருக்கும் அம்மாளோ, எனக்கு ஞாபகத்திலேயே இல்லை. எங்களைப் போலவே நிறையப் பேர் எழுந்து வந்தார்கள். தெருவில் நின்று கோலி சோடா குடித்தோம். கொட்டகைக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் வந்தது போலிருந்தது. பஸ்சு ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. யார் முதலில் கத்தினது என்று நான் சோடாக்காரருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் போடியில் ரயிலை விட்டு இறங்கினால் எனக்கு மாலை போடாத குறைதான். டீக்கடைக்காரர் காசு வாங்க மறுத்துவிட்டார். "ரேடியோவுல ஒன் தொண்டைதான்யா! மொத ஒன்ஸ்மோர் வந்ததுமே, நம்ம மண்டிக்காரன்டான்னு பார்க்கே சிரிச்சிருச்சு" என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் என்னைக் கத்திக் காட்டச் சொன்னார்கள். தொண்டை கட்டியிருந்தது. இருந்தும் கத்திக் காட்டினேன்.

டீயை ஆற்றிக்கொண்டே அவர் சொன்னார்: "ஒரு கூத்து கேளு. மலையிலருந்து ஒரு பொம்பள, ஒரு கூட்டத்தையே இழுத்துக்கிட்டு வந்து முன்னால உக்காந்திருந்துச்சு. எம்மக பாடுவா, எம்மக பாடுவான்னு ஒவ்வொரு பாட்டுக்கும் 'உஸ்ஸு' போட்டுச்சு. கடைசியில செய்தி வந்திருச்சு. அப்பவும் எந்திரிக்கல. செய்தி முடிஞ்சு ரேடியோப் பெட்டிய மூட வந்தவன்கிட்ட 'நிப்பாட்டாத ராசா, எம்மக இன்னும் பாடல'ங்குது. கூட வந்தவளுக 'ரேடியோவுல பாடுற மூஞ்சியப் பாரு'ன்னு ஒரே கேலி. சிரிச்சு மாளல போ."

கையில் இருந்த டீ எப்படிப் பெஞ்சுக்குப் போனது என்று தெரியாது. பல்பு, கும்பிடு போட்ட ஆள், ஓட்டமாக ஓட்டிய காட்சிகள், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக இப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தப் பெண்ணின் பாட்டுக்கு இருந்த நேரத்தை நான் கத்தியே தீர்த்திருக்கிறேன்.

லீவு கிடைத்த நாளில் லோடு ஜீப்பில் குரங்கணிக்குப் போய், அங்கிருந்து நடந்து ஏறினேன். ஆத்தாவிடம் உண்மையைச் சொல்லி, அந்தப் பெண்கள் முன்னாலேயே சொல்லி, அவள் பேச்சு பொய்யில்லை என்று காட்டிவிடவேண்டும் என்பது என் எண்ணம். வழியெல்லாம் சொல்வதற்கு வார்த்தை கோத்துக்கொண்டே போனேன். வாய்க்காரன் அல்லவா.

வேலை முடிந்து பெண்கள் வாசலில் இருந்தார்கள். ஆத்தா என்னைக் கண்டதும் கட்டங்காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். நான் எழுந்து நின்றே சொன்னேன். உங்கள் மகளுக்குப் பாட்டு இருந்தது, நாங்கள் போட்ட சத்தத்தில் நேரம் போய்விட்டது, ரேடியோவை நிறுத்திய பிறகு அந்தப் பெண் பாடியது, தப்பு என்னுடையது என்று.

பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி, "பாடுனாளாமா? நெசமாவா?" என்றாள்.

"நெசந்தான்க்கா. அதுவும் மெட்டு நம்ம ஆத்தாவோட மெட்டு. பழம் எடுக்கையில ஆத்தா முனகுறதாம். அந்தப் புள்ளையே எங்கிட்டச் சொல்லுச்சு."

இதைச் சொன்னது ஆத்தாவுக்குச் சந்தோஷம் தரும் என்று நினைத்தேன். தந்தது. ஆத்தாவின் முகம் அப்படி மாறி நான் பார்த்ததில்லை. எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எந்த மெட்டு அப்பு?"

நான் காப்பியை ஒரு வாய் குடித்தேன்.

"இதா?" என்று ஒன்றை முனகினாள். என் முகத்தைப் பார்த்தாள். "இல்லையா? அப்ப இதா?" இன்னொன்றை முனகினாள். பேசிக்கொண்டிருந்தவர்களெல்லாம் நிறுத்திவிட்டார்கள். கேலி பேசிய பக்கத்து வீட்டுக்காரியே, "அந்த மழை நேரத்துல பாடுவியே, அதப் பாடிக் காட்டுடி" என்று எடுத்துக் கொடுத்தாள். ஆத்தா அதையும் முனகினாள். மூன்றாவதைக் கேட்டதும் எனக்குத் தலை நிமிரவில்லை. ஏதாவது ஒன்றைக் காட்டி, இதுதான் என்று சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? அந்தப் பொய்யும் வாயில் வரவில்லை.

"நான் கேக்கல ஆத்தா. ரேடியோ நின்னதும் சோடா குடிக்க வெளிய போயிட்டேன்."

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு இறங்கியிருப்பேன். "அம்புட்டுத் தூரம் போயிட்டு வெளியவா நின்ன?" என்று மட்டும் கேட்டாள். அதுவும் கோபமாக இல்லை; புரியாமல் கேட்கிற மாதிரி. அப்புறம் டம்ளரை வாங்கிக்கொண்டாள். "மஞ்சு எறங்குது. வெரசா எறங்கு அப்பு, ஜீப்பு போயிரும்."

அடுத்த தைக்கு மகள் வந்து போனதாகக் கேள்விப்பட்டேன். எந்த மெட்டு என்று ஆத்தாவுக்கு அப்போது தெரிந்திருக்கும். சந்தை நாளில் எப்போதும் போல மண்டி வாசலில் வந்து உட்கார்ந்தாள், எப்போதும் போல என்னை அப்பு என்றுதான் கூப்பிட்டாள். எந்த மெட்டு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நான் கேட்காமல் விட்ட ஒரே கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

பிறகு எத்தனையோ நாடகம், எத்தனையோ கச்சேரி பார்த்துவிட்டேன். கூட்டம் ஒன்ஸ்மோர் கேட்கும்போது நானும் கை தட்டுவேன், குரல் மட்டும் எழும்பாது. ஊருக்கே கேட்கும்படி கத்தத் தெரிந்த எனக்கு, ஒரு தாய்க்காக ஒரு பாட்டைக் கேட்டுக்கொண்டு வரத் தெரியவில்லையே என்ற கூச்சம் இத்தனை வருஷம் கழித்தும் என் தொண்டையிலேயே நிற்கிறது.