குங்குமம் வைத்த டார்க் ரென்ச்

எனக்கு வாய் ஜாஸ்தி. பெங்களூர் பக்கம் ஹெப்பகோடியில் நான் வேலை பார்த்த கியர்பாக்ஸ் கம்பெனியில் அது எல்லோருக்கும் தெரியும். தொண்ணூறுகளின் கடைசியில் அங்கே டூல் ரூம் என் பொறுப்பு. காலையில் கருவிகளைக் கொடுப்பேன், சாயங்காலம் திருப்பி வாங்கி வைப்பேன். ஸ்பேனர், சுத்தியல் எப்படி வந்தாலும் வாங்கிக்கொள்வேன். டார்க் ரென்ச் என்றால் மட்டும் எனக்குச் சாமி வந்துவிடும்.

போல்ட்டை எவ்வளவு இறுக்கணுமோ அந்த அளவுக்குக் கைப்பிடியைத் திருகி வைத்தால், சரியான இறுக்கம் வந்ததும் அது ‘டக்’கென்று சொல்லும். உள்ளே இருக்கிற ஸ்பிரிங் செய்கிற வேலை. முடிந்ததும் திருகலைத் தளர்த்தி, ஆகக் குறைந்த அளவில் நிறுத்தி, பெட்டியில் வைக்கணும். இறுக்கினபடியே போட்டு வைத்தால் ஸ்பிரிங் சோர்ந்து பொய் சொல்ல ஆரம்பிக்கும். கீழே போடாதே, துருப்பிடித்த நட்டைக் கழட்ட எடுக்காதே, மண்ணெண்ணெயில் முக்காதே, கிரீஸ் போயிடும் என்று நாள் பூராவும் கத்துவேன். ‘தளர்த்திக் கொடு’ என்று கொட்டை எழுத்தில் ஒரு போர்டும் மாட்டியிருந்தேன்.

“அக்கா, வீட்டுக்காரரையும் இப்படித்தான் பாத்துக்கறீங்களா?” என்று ஒரு ஃபிட்டர் சீண்டுவான்.

“அவரு கீழ விழுந்தா தானா எழுந்துப்பாருடா.”

அந்த ஃபிட்டர் தருமபுரிப் பக்கத்துக்காரன். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். பல வருஷமாகக் கான்ட்ராக்டிலேயே கிடந்தான். அந்த வருஷம் தசரா முடிந்ததும் அவனுக்கு பர்மனென்ட் ஆர்டர் என்று மேனேஜரே சொல்லியிருந்தார். அவனுக்காக நானும் வேண்டிக்கொண்டிருந்தேன். சொந்தத் தம்பிக்குக்கூட நான் அப்படி வேண்டினதில்லை.

ஆயுத பூஜையன்று மதியம் வரை அவன் போல்ட் இறுக்கிக்கொண்டிருந்தான். ஐயர் வந்துவிட்டார். “சீக்கிரம் வாடா!” என்று கத்தினேன். ரென்ச்சை மேஜையில் வைத்து, “கை கழுவிட்டு வந்து தளர்த்திடறேன்க்கா” என்று ஓடினான். எனக்கு எதிலும் அவசரம். அதைத் தூக்கி மற்ற கருவிகளோடு வரிசையில் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டுவிட்டேன். அவன் வருவதற்குள் கற்பூரம் ஏற்றியாகிவிட்டது.

பூஜை முடிந்ததும் அவன் ரென்ச்சை எடுக்கக் கையை நீட்டினான். பட்டென்று தட்டிவிட்டேன்.

“பூஜையில வெச்சத மறுபூஜை ஆகாம தொடுவாங்களா? நல்லது நடக்கப்போற நேரத்துல அபசகுனம் வேணாம்.”

“இறுக்கமா இருக்குதுக்கா.”

“சாமி பாத்துக்கும். போய் கடலேபுரி வாங்கிக்க.”

அவன் ரென்ச்சைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே பொரி வாங்கப் போனான். அதற்கப்புறம் வரிசையாக லீவு.

கம்பெனி திறந்து இரண்டாம் நாள் அந்த ரென்ச்சைச் சோதனை மெஷினில் போட்டார்கள். குறைவாக இறுக்குகிறது என்று தெரிந்தது. அதற்குள் அதை வைத்து முடுக்கின கியர்பாக்ஸ்கள் லாரியில் ஏறிவிட்டன. எல்லாவற்றையும் இறக்கி மறுபடி முடுக்க வேண்டியதாயிற்று. லீவில் சோர்ந்ததா, அதற்கு முன்பே சோர்ந்திருந்ததா, யாருக்குத் தெரியும்? என் மனசுக்கு மட்டும் சந்தேகமே இல்லை.

கன்னடக்கார மேனேஜர் கேட்டார்: “உங்க கைக்கு வந்தப்போ தளர்த்தியிருந்ததா?”

“இல்ல சார். ஆனா அவன் தளர்த்த வந்தான். நான்தான் தொட விடல.”

“ரூல்ஸ் அந்த்ரே ரூல்ஸ், அம்மா. தளர்த்திட்டுத்தான் கொடுக்கணும்னு போர்டு மாட்டினதே நீங்கதானே?”

“அப்போ என்னைத் தூக்குங்க சார்!”

“உங்களை எப்படித் தூக்கறது? நீங்க பர்மனென்ட்.”

ஆர்டர் வேறொருவனுக்குப் போனது. நான் சண்டை போட்டேன், அழுதேன், ஒன்றும் நடக்கவில்லை. அவன், “விடுங்கக்கா, வெச்சுட்டுப் போனது நான்தானே” என்றான். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்கும். பாவி, திட்டவே இல்லை.

மாசக் கடைசியில் நின்றுவிட்டான். ஆனேக்கல் பஸ் ரோட்டில் சின்னதாக ஒரு வண்டி ரிப்பேர் கடை போட்டான். அடுத்த ஆயுத பூஜைக்கு, “நீங்க வந்தாத்தான் பூஜை” என்று ஆள் மேல் ஆள் அனுப்பினான். போகாமல் இருக்க முடியுமா? போனேன்.

கருவிகளை ஒரு பலகையில் அடுக்கியிருந்தான். ஓரத்தில் பழசாக வாங்கின ஒரு டார்க் ரென்ச். அதை எடுத்து என் கையில் கொடுத்தான்.

“தளர்த்தியிருக்கான்னு இப்பவே பாத்துடுங்க. அப்புறம் தொட விடமாட்டீங்க.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் வெள்ளந்தியாகச் சிரித்தான். கைப்பிடியைப் பார்த்தேன். ஆகக் குறைந்த அளவில்தான் நின்றது.

அவன் பெண்டாட்டி குங்குமக் கிண்ணத்தை நீட்டினாள். “நீங்களே வைங்கக்கா. உங்க கை ராசியான கைன்னு இவரு எப்பவும் சொல்வாரு.”

ரென்ச் விஷயத்தை அவளிடம் அவன் சொல்லியிருக்கவே இல்லை. என் கை எழவே இல்லை.

“நீயே வெச்சுடும்மா” என்றேன்.