சர்ச் படியில் வைத்த பார்சல்

சத்தியவேட்டில் எங்கள் சபைக்கு ஏலக்காரர் இயேசுதாசன். அறுப்பின் பண்டிகையன்று ஜனங்கள் படைக்கும் பூசணி, கோழி, வாழைத்தாரையெல்லாம் ஆராதனை முடிந்ததும் அவர்தான் கூவி விற்பார். காது மந்தமானவருக்குத் தொண்டை பெரிதாகத்தானே இருக்கும்!

பிழைப்புக்குப் பக்கத்து ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஒரு ஃபேக்டரி கேட்டில் வாட்ச்மேன். பதினான்கு வருடம் லாரி ஹாரனுக்கு நடுவே நின்றதில் காது போய்விட்டது. ஃபேக்டரிக்கு அதில் என்ன கவலை? மாதக் கடைசியில் மெடிக்கல் டெஸ்ட், மெஷின் வைத்தாவது காது கேட்க வேண்டும், இல்லையென்றால் வேலை இல்லை என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். இயேசுதாசன் ஆன்லைனில் ஒரு காது மெஷினுக்கு ஆர்டர் போட்டார்.

பார்சல் வரவில்லை. கொடுத்தாகிவிட்டது என்ற மெசேஜ் மட்டும் வந்தது. அவருக்குப் போனில் பேசினால் கேட்காது என்பதால் மனைவி யூனிஸ் போனை எடுத்தாள்.

"டெலிவரி ஆயிடுச்சின்னு காட்டுது மேடம்," என்றது கஸ்டமர் கேர்.

"காட்டட்டும். எங்க வூட்டுக்காரர் கையில குடுத்தீங்களா? ஓடிபி கேட்டீங்களா?"

வைத்துவிட்டார்கள். விடுகிறவளா யூனிஸ்? 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கு அடித்தாள். அங்கிருந்த பெண் நிதானமாகச் சொன்னாள்: வாங்கியவர் கையில் சேரும்வரை பொருளுக்குப் பொறுப்பு விற்றவர்தான், கொடுத்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டியதும் அவர்தான். புகார் பதிவானது. நான்காம் நாள் விற்றவர்கள் ஒரு போட்டோ அனுப்பினார்கள்.

போட்டோவில் சர்ச் படி. பூசணிக்கும் கோழிக்கூடைக்கும் நடுவே பார்சல்.

யூனிஸ் தலையில் அடித்துக்கொண்டாள். விலாசத்தில் 'சர்ச் எதிரில்' என்று இருந்தது. பண்டிகையன்று எல்லோரும் ஆராதனையில் இருந்ததால் வீடு பூட்டியிருக்கவே டெலிவரிக்காரர் படியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நாங்கள் எல்லோருமே காணிக்கையைப் பழைய ஆன்லைன் அட்டைப்பெட்டியில் போட்டுத்தான் கொண்டுபோவோம். மேலே ஒட்டிய பெயரை யார் படிக்கிறார்கள்? மாதர் சங்கத்தார் அந்தப் பார்சலுக்கும் கலர் பேப்பர் சுற்றி, பிரிக்காமலே ஏலம் எடுக்கும் சர்ப்ரைஸ் பாக்கெட் ஆக்கிவிட்டார்கள். இயேசுதாசன் அதைத் தலைக்கு மேல் தூக்கிக் கூவி, தன் கையாலேயே விற்றார். எடுத்தது, அதே கேட்டில் அவரோடு நிற்கும் கோவர்த்தனன்.

ஆன்லைனில் விற்றவர்கள் வேறு மெஷின் அனுப்ப ஒப்புக்கொண்டார்கள். வர பத்து நாள் ஆகுமாம். டெஸ்டோ நாளை மறுநாள்.

இயேசுதாசன் கோவர்த்தனன் வீட்டுக்குப் போனார். தினமும் பக்கத்தில் நின்றுகொண்டு பாவி மனுஷன் மூச்சு விடவில்லையே என்று அவருக்கு ஆத்திரம். கதவைத் தட்டினார். ஏலக் குரலில் கத்தினார். யாரும் வரவில்லை. உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. அது அவருக்கே கேட்டது.

கதவைத் தள்ளிக்கொண்டு போய் நின்றபோது கோவர்த்தனன் அழுதுவிட்டார்.

"உன் பேரைப் பார்த்தேன் தாசண்ணா. குடுத்துடணும்னுதான் இருந்தேன். எனக்கும் கேக்கலண்ணா. யார்கிட்ட சொல்றது? டெஸ்டுக்கோசரம் பேட்டரிகூடப் போடாம வச்சிக்கினு இருக்கேன்."

இருவரும் கத்திக் கத்திப் பேசியதில் தெருவுக்கே விஷயம் தெரிந்துபோனது.

திங்கட்கிழமை திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியில் டெஸ்ட். கோவர்த்தனன் முதலில் போய்ப் பாஸாகி வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து, காதிலிருந்து மெஷினைக் கழற்றி, சட்டையில் துடைத்து நீட்டினார்.

அந்த நேரம் பார்த்து நர்ஸ் நளினி உள்ளிருந்து கூப்பிட்டாள். "இயேசுதாசன்!"

இரண்டு பேரும் திரும்பவில்லை. அவள் இன்னொரு முறை கூப்பிட்டுவிட்டு வாசலுக்கே வந்தாள். நீட்டிய கையில் இருந்த மெஷினைப் பார்த்தாள். இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். இயேசுதாசன் அப்போது நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

நளினி தன் காதைத் தொட்டுக் காட்டினாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் பொறுத்து, அப்போதுதான் முதல் தடவை கூப்பிடுகிறவள்போல அவர் பெயரைச் சொன்னாள்.