எக்கோ விழாத ஒரு வரி

எங்கள் ஸ்டூடியோவில் எக்கோக்காரர் என்றால் அவர் ஒருவர்தான். ஜாஸ் பாட வருகிறவர்களின் குரலை, ஒரு குமிழைத் திருகிப் பெரிய மண்டபத்தில் ஒலிப்பதுபோல ஆக்கிவிடுவார். மற்றவர்கள் வெறும் குரலைப் பதிந்துகொண்டு எக்கோவைப் பிறகு சேர்ப்பார்கள். இவரோ பாடும்போதே சேர்த்துப் பதிவார். கேட்டால், "சர்க்கரையைக் கலக்கும்போதே போடணும்யா" என்பார். டிரம்ஸ் அடிக்கிற நானும் பலமுறை சண்டை போட்டிருக்கிறேன். சுவரோடு பேசியதுதான் மிச்சம்.

அவர் மனைவியும் ஜாஸ் பாடகிதான். மைக்கை உரசிக்கொண்டு நின்று, காதோடு ரகசியம் சொல்வதுபோலப் பாடுவார். அந்தக் குரலைக்கூட மனிதர் விட்டுவைக்கவில்லை.

மனைவி இறந்த பிறகு ஒருநாள் மகள் ஸ்டூடியோவுக்கு வந்து, அம்மாவின் பாட்டைக் கேட்டாள்.

"அப்பா, அம்மா எங்கயோ தூரத்துல நிக்கற மாதிரி இருக்கு. கொஞ்சம் கிட்ட கொண்டு வாங்களேன்."

அவர் இருக்கிற குமிழையெல்லாம் திருகிப் பார்த்தார். குரல் சத்தமானதே தவிர, பக்கத்தில் வரவில்லை. கலந்த சர்க்கரையை எப்படி எடுப்பது?

கடைசியில் டேப்பை ஆரம்பத்துக்கே ஓட்டினார். பதிவு நடந்த அன்று பாட்டு தொடங்குமுன், அவர் இன்னும் எக்கோவைத் திறக்காதபோது, மனைவி பேசிய ஒரே ஒரு வரி அதில் இருந்தது. மூச்சுச் சூடு தெரிகிற அளவுக்கு அத்தனை நெருக்கமாக.

"எக்கோவைக் கொஞ்சம் குறைங்க. நான் இங்கதானே இருக்கேன்."

மகள் இன்னொரு தடவை போடச் சொன்னாள். அவருக்குக் கை வரவில்லை.